நின்ற நேரத்தின் கணக்கு

நனைந்த உமிக்கு ஒரு தனி மணம் இருக்கிறது. ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் செதிலும் சணல் சாக்கும் அதோடு சேர்ந்துவிட்டால், எத்தனை தரம் கழுவினாலும் லொறிப் பலகையை விட்டுப் போகாது. அண்மையில் ஒரு விடியற்காலை முல்லைத்தீவுக் கரையில் அந்த மணம் திரும்பவும் வந்தது. இப்போது கரையில் எங்கும் ரெஜிபோம் பெட்டிதான். அன்றைக்குப் பெட்டி போதவில்லை போலிருக்கிறது. வயதான ஒருவர் கட்டி ஐஸை உமிக்குள் புதைத்து, சாக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து வாடி வாசலில் இறக்கினார். மூக்கில் பட்டதும் எனக்கு முன்னால் கடல் இல்லை. ஓமந்தையில் வரிசையாக நின்ற லொறிகள்தான் தெரிந்தன.

என் தம்பியின் மகன் அந்த வாடியில் நண்டும் இறாலும் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறான். நந்திக்கடலிலும் நாயாற்றிலும் பிடிபடும் இறாலுக்கு எப்போதும் கேள்வி உண்டு. ஆனால் இங்கிருந்து எட்டு மணித்தியாலம் தெற்கே ஓடி, யாரோ ஒருவரின் குளிர் அறையில் கிடந்து, பிறகுதான் அது கப்பலோ விமானமோ ஏறுகிறது. அன்று காலை அவன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பெரியப்பா, இதைப் பாருங்கோ. காங்கேசன்துறைக்கு மூண்டு மணித்தியாலம். அங்கயிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில நாலு மணித்தியாலம். காலமை ஏத்தினால் பின்னேரம் இந்தியாவில."

நான் அந்தக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். தூரம் இருந்தது, டீசல் இருந்தது, கூலி இருந்தது.

"நிக்கிற நேரத்தை எங்க போட்டிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"எங்க நிக்கிறது?"

அவனுக்கு ஓமந்தை தெரியாது. அதாவது, இன்றைய ஓமந்தை தெரியும். பஸ் வேகத்தைக் குறைக்காமல் தாண்டிப் போகும் ஓர் ஊர். நான் அறிந்த ஓமந்தையை அவன் கைக்குழந்தையாகத் தாயின் மடியில் இருந்து பார்த்திருப்பான்.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. அதையொட்டி ஏ9 வீதி திறந்தது. நான் அப்போது கூட்டுறவுச் சங்கத்தில் சாமான் எடுப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். வவுனியாவில் மொத்தக் கடையில் ஏற்றினால், பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றரில் ஓமந்தை. அங்கே இராணுவச் சோதனை. அதைத் தாண்டினால் செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி பறக்கும் சூனியப் பிரதேசம். பிறகு புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சோதனையும் வரியும். மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான் வழியாக ஏறக்குறைய 50 கிலோமீற்றர் போனால் எங்கள் ஊர். உலகப் படத்தில் அப்படியோர் எல்லை இல்லை. ஆனால் எல்லை ஒன்றுக்கு உரிய எல்லாமே அங்கே இருந்தன: அனுமதிப் பத்திரம், சாமான் பட்டியல், சுங்கம், இரண்டு பக்கத்துச் சட்டம், மாலையானதும் மூடப்படும் பாதை.

அந்தப் பாதையில் சக்கரம் உருண்ட நேரம் கொஞ்சம். மிச்சமெல்லாம் நின்ற நேரம். வரிசையில் நிற்கும் லொறிகளின் அடியில் கல் வைத்து அடுப்பு மூட்டிச் சோறு காய்ச்சுவார்கள். கிளீனர் பெடியன்கள் சில்லுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். எனக்கு முன்னால் எத்தனை லொறி, அவற்றில் என்ன சாமான், யார் இன்றைக்குச் சோதனைக்கு நிற்கிறார் என்பதை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பார்த்தால் எந்த நேரம் தாண்டுவோம் என்று ஓரளவு சொல்ல முடியும். சாரதிமார் என்னிடம் வந்து கேட்பார்கள். இன்றைக்குப் படித்தவர்கள் இதைத்தான் போக்குவரத்து மதிப்பீடு என்கிறார்கள்.

சோதனை என்றால் படங்கை அவிழ்த்து, மூட்டை மூட்டையாக இறக்கி அடுக்க வேண்டும். இறக்குவதற்கும் திருப்பி ஏற்றுவதற்கும் நாட்டாமைமார் இருந்தார்கள். சீனி மூட்டையைத் தோளில் வாங்கும்போது அவர்கள் ஒரு கணம் முழங்காலை மடித்து நிமிர்வதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே மூட்டை வவுனியாவில் ஏறி, ஓமந்தையில் இறங்கி ஏறி, சில நாட்களில் புளியங்குளத்திலும் இறங்கி ஏறி, முல்லைத்தீவில் இறங்கும். ஒவ்வொரு தோளுக்கும் கூலி உண்டு. ஒவ்வொரு இறக்கத்திலும் கொஞ்சம் சிந்தும்.

சிந்துவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மூட்டைக்குள் வேறு ஏதும் ஒளித்திருக்கிறதா என்று நீண்ட இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். கம்பியை இழுத்தால் அந்தத் துவாரத்தால் சீனி மெல்லிய நூலாக வழியும். அதை அடைப்பதற்கென்றே எங்கள் லொறியில் ஒரு அண்ணை வருவார். சட்டைப் பையில் கோணி ஊசி, கழுத்தில் சணல் சுருள். குத்து விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் ஊசியைக் குறுக்கே இரண்டு தரம் வாங்கி, பல்லால் சணலைக் கடித்து அறுப்பார். அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். எல்லாம் முடிந்தபின் கீழே விரித்த படங்கின் நாலு மூலையையும் தூக்கி, சிந்திய சீனியை நடுவுக்குக் கொண்டுவந்து வாளியில் அள்ளுவார். மண் கலந்ததை ஒரு பக்கம், கலக்காததை ஒரு பக்கம். கலக்காதது சங்கத்துக்கு. மண் கலந்ததைத் தண்ணீரில் கரைத்து வடித்தால் தேத்தண்ணிக்கு ஆகும் என்று வீட்டுக்குக் கொண்டுபோக நாங்கள் விட்டிருந்தோம்.

முல்லைத்தீவில் ஒரு கிலோ சீனியின் விலைக்குள் இவ்வளவும் இருந்தது. நிவாரண முத்திரையோடு வரும் சனம், "வவுனியாவில இந்த விலை இல்லையே, ஏன் இஞ்ச கூட?" என்று கேட்கும். தூரம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அவர்கள் சைக்கிளிலேயே அந்தத் தூரம் போனவர்கள். அது சரியான கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே ஏற்றும்போதே யோசிக்கப் பழகினோம். அதிகம் கிளறுகிற சாமானைப் பின்கதவுப் பக்கம் வைக்க வேண்டும். அதை முதலில் இறக்கிப் பார்த்துவிட்டால் உள்ளே இருக்கிற மாவையும் அரிசியையும் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. பல சாமான் கலந்த லொறி நெடுநேரம் நிற்கும். ஒரே சாமான் ஏற்றிய லொறி வேகமாகப் போகும். அதனால் பக்கத்துச் சங்கத்தோடு பேசி, நாங்கள் சீனி, அவர்கள் சவர்க்காரம் என்று ஆளுக்கு ஒரு லொறி நிறைய ஏற்றி, புளியங்குளத்துக்கு இந்தப் பக்கம் வந்து பங்கு பிரித்துக்கொண்டோம். பற்றறி, சீமெந்து, யூரியா என்றால் தனிப் பத்திரம், தனி நாள். பட்டியலில் எழுதிய எண்ணிக்கையும் மூட்டையின் எண்ணிக்கையும் ஒன்றால் பிசகினாலும் அன்றைய பொழுது போய்விடும்.

பெரிய தலையிடி திரும்பு சுமை. வெறுமனே திரும்பும் லொறிக்கும் டீசல் வேண்டும். வன்னியிலிருந்து போக நெல் இருந்தது, கருவாடு இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக மீன் இருந்தது. பாதை திறந்ததும் முல்லைத்தீவு மீனுக்குக் கொழும்பு வழி திறந்தது. ஆனால் மீன் ஏற்றிய லொறியில் சீனி ஏற்ற முடியாது. சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவிட்டுப் பார்த்தார்கள். வவுனியாவில் மாவு வியாபாரி பலகையை மூக்கருகே பிடித்து மணந்துவிட்டு ஏற்ற மறுத்தார். அதனால் மீன் லொறி வேறு, சாமான் லொறி வேறு, இரண்டும் ஒரு பக்கம் வெறுமை. மீனுக்கு வரிசையில் முன்னுரிமை கேட்டு எத்தனை கடிதம் எழுதினோம்! ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் லொறியையும் இரும்பு ஏற்றிய லொறியையும் ஒரே வரிசையில் நிறுத்துவது எந்த நியாயம்? உமியை அள்ளி மேலே கொட்டி, சாக்கை நனைத்துப் போட்டு, வெயில் ஏற ஏற லொறியின் அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்தத் தண்ணீர் சொட்டச் சொட்ட வலைக்காரனின் கூலி குறைந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் நல்ல காலத்துக் கதை. அதற்கு முந்திய தொண்ணூறுகளில் லொறியே அரிது. பொருளாதாரத் தடை என்ற பெயரில் எரிபொருள், பசளை, சீமெந்து, பற்றறி எல்லாம் நிறுத்தப்பட்டிருந்தன. தாண்டிக்குளத்தில் பாஸ் எடுத்து, சைக்கிளின் பாருக்கும் கரியருக்கும் குறுக்கே தடி கட்டி, மூட்டைகளைத் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஏறி ஓட்ட இடம் இராது. முழுத் தூரமும் நடைதான். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்கிவிடுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். சேலைன் குழாயால் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒரு பற்றறியை வெயிலில் காயவைத்துச் செய்தி கேட்ட வீடுகள்தான் எங்கள் ஊரில் எல்லாமே.

எங்கள் அப்பு வேறொரு கதை சொல்லுவார். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளை வடக்கே நடத்திக்கொண்டு போய், ஆனையிறவில் கடலைக் கடத்தி, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி இந்திய வியாபாரிகளுக்கு விற்றார்களாம். அது வரலாற்றிலும் இருக்கிறது. ஆனையிறவு என்ற பெயரே அதற்குச் சாட்சி. அப்பு சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. யானை ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கும் என்று பார்த்து அவர்கள் தரிப்பிடம் குறிக்கவில்லையாம். எங்கே குளம் இருக்கிறது, எங்கே தீனி இருக்கிறது என்று பார்த்துத்தான் குறித்தார்களாம். நிற்கும் இடம் சரியென்றால் நடை தானாக நடக்கும் என்பார்.

இந்தியாவுக்கும் எங்களுக்கும் நடுவே உண்மையான எல்லை கடல்தான். அதைக் கடக்கும் வழி ஒரு காலத்தில் நன்றாகவே போடப்பட்டிருந்தது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் நீராவிக் கப்பல் தொடங்கியது. ஒரே சீட்டில் கொழும்புக் கோட்டையிலிருந்து சென்னை எழும்பூர் வரை போகலாம். ரயில் இறங்கும் மேடைக்குப் பக்கத்திலேயே கப்பல். ரயில் வரும் நேரம் கப்பலுக்குத் தெரியும், கப்பல் வரும் நேரம் ரயிலுக்குத் தெரியும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. எண்பதுகளில் போரோடு அதுவும் நின்றது. அம்மா கலியாணமான புதிதில் அந்தக் கப்பலில் போய்த் திருச்சியில் வாங்கிய எவசில்வர் செம்பு எங்கள் வீட்டில் இருந்தது. அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். தலைமன்னார்ச் சுங்கத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த உத்தியோகத்தர் அந்தப் பெயரை வாசித்து, "பிள்ளை, இது விற்கிறதுக்கு இல்லைத்தானே" என்று சிரித்துவிட்டு மூடினாராம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அவரைப் புகழாமல் முடிக்கமாட்டா. பெட்டியைப் பார்த்தவுடன் வியாபாரம் எது, வீட்டுக்குரியது எது என்று பிரிக்கத் தெரிந்த ஒருவர் அந்த வாசலில் இருந்திருக்கிறார்.

2004 டிசம்பர் 26இல் கடல் முல்லைத்தீவுக்குள் வந்தது. கரையோரத்தில் நான் அறிந்த வீடுகளும் அறிந்த முகங்களும் ஒரு காலையில் இல்லாமற்போயின. அடுத்தடுத்த நாட்களில் தெற்கிலிருந்து லொறிகள் வந்தன. சிங்கள ஊர்களில் சனங்கள் சேர்த்துக் கட்டிய அரிசி, பாண், துணி, தண்ணீர்ப் போத்தல். எழுதியிருந்த சிங்களத்தை வாசிக்கத் தெரியாமலே இறக்கினோம். நான் பார்த்த லொறிகள் ஓமந்தையில் நெடுநேரம் நின்றவை அல்ல. அதே வீதி, அதே சென்றி, அதே ஆட்கள். அவசரம் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டதும் பாதை பாதையாகவே இருந்தது. அதுவரை நிற்க வைத்ததெல்லாம் கட்டாயம் நிற்க வேண்டியதல்ல என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. சாவுகளுக்கு நடுவில் அதை நினைத்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 மூடப்பட்டது. ஓமந்தை இடைக்கிடை திறந்தது, மூடியது. பிறகு எல்லாம் தெரிந்த கதை. 2009இல் புதுமாத்தளன் கரையில், காயப்பட்டவர்களை ஏற்றவந்த கிறீன் ஓஷன் கப்பல் ஆழத்தில் நிற்க, சின்ன வள்ளங்களில் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றினார்கள். எந்த வள்ளத்தில் யார், எத்தனை பேர், அலை எப்போது தணியும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நின்ற ஆட்களில் எங்கள் பழைய நாட்டாமை ஒருவரும் இருந்தார். மூட்டை தூக்கிய தோளில் ஆளைத் தூக்கினார். என்னுடைய சீ.ஆர். கொப்பிகள், லொறி லொறியாக நேரம் குறித்தவை, அந்த மண்ணிலேயே போயின. அம்மாவின் செம்பும் அங்கேதான்.

அதனால் தம்பியின் மகனுக்கு நினைவிலிருந்துதான் சொல்லிக்கொடுத்தேன். அவன் அதற்குள் இணையத்தில் தேடிக் கொண்டுவந்தான். உலக சுங்க அமைப்பு இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறதாம்: சாமான் வாசலுக்கு வந்த நேரம் முதல் விடுவித்த நேரம் வரை ஒவ்வொரு படியையும் மணிக்கூட்டை வைத்து அளப்பது. நான் ஓமந்தையில் செய்தது அதுவே என்று அவன் சொன்னபோது மனம் நிறைந்தது. இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் இடையில் பெட்ராபோல், பெனாபோல் வாசலில் லொறிகள் நாட்கணக்காக நிற்பதும், ஒரு லொறியிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்றுவதும் எங்கள் கதைபோலவே இருக்கிறது. ஐரோப்பாவில் புறப்படும் இடத்தில் ஒரு தரம் பார்த்து முத்திரை வைத்தால், முத்திரை உடையாதவரை வழியில் உள்ள நாடுகள் லொறியைத் திறப்பதில்லை. 1975ஆம் ஆண்டு உடன்படிக்கை அது. 2017இல் இந்தியாவும் சேர்ந்தது. வவுனியாவில் ஒரு தரம் பார்த்து முத்திரை வையுங்கள் என்று நாங்கள் கெஞ்சியது வீண் ஆசை அல்ல என்று இப்போது தெரிகிறது.

காங்கேசன்துறைக் கணக்கை மறுபடி எழுதினோம். 2023 ஒக்டோபர் 14இல் செரியபாணி கப்பல் நாகபட்டினத்திலிருந்து வந்தபோது ஊரே மகிழ்ந்தது. சில நாட்களிலேயே பருவமழைக் கடலால் நிறுத்தினார்கள். 2024 ஓகஸ்டில் சிவகங்கை வந்தது. இரண்டும் ஆட்களை ஏற்றும் கப்பல். கையில் கொண்டுபோகும் பொதிக்கும் எடைக் கட்டுப்பாடு. சரக்குக்கு வழி இனித்தான் வர வேண்டும். துறைமுகத்தைத் திருத்த இந்தியா 6.15 கோடி அமெரிக்க டொலர் நன்கொடை தருவதாக அறிவித்திருக்கிறது. அலைதடுப்பும் மேடையும் வரட்டும். ஆனால் மேடைக்குப் பக்கத்தில் மீன் லொறி நிழலில் நிற்க இடம் இருக்கிறதா, குளிர் அறை இருக்கிறதா, சுகாதாரச் சான்றிதழ் தருபவர் கப்பல் வரும் நாளில் அங்கே இருப்பாரா? இதைக் கேட்காமல் போடும் திட்டத்தில் பெரிய கம்பனிக்கு மட்டும் இடம் இருக்கும். ஒரு வள்ளத்தில் ஐம்பது கிலோ நண்டு கொண்டுவருபவன் பழையபடி கொழும்புத் தரகரிடம்தான் போவான். திட்டம் போடுகிறவர்கள் ஒரு நாளாவது முல்லைத்தீவிலிருந்து ஐஸ் பெட்டியோடு லொறியில் ஏறி வர வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

"பெரியப்பா, வாடைக் காத்து மாதங்களை என்ன செய்யிறது?" என்று கேட்டான்.

"கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் கப்பல் இல்லை எண்டே போடு. அந்த மாதங்களுக்குக் கொழும்பு விலை. மிச்சத்துக்கு நாகபட்டினம் விலை. ரெண்டையும் கலந்து பார்த்தும் லாபம் எண்டால்தான் லாபம்."

எழுதினான். திரும்பு சுமை என்ற இடத்தில் பேனையை நிறுத்தினான். நாகபட்டினத்திலிருந்து என்ன கொண்டுவரலாம்? மீன் பெட்டியில் சீனி ஏற்ற முடியாது என்ற கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. வலை நூலுக்கும் மிதப்புக்கும் மீன் மணம் ஒரு குறை இல்லைத்தானே என்றான். நாங்கள் அந்த நாட்களில் யோசிக்காத ஒன்று. அடுத்த கிழமை காங்கேசன்துறைக்குப் போய், கப்பல் வரும் நாளில் வாசலில் நின்று, முதல் பொதி இறங்கியதிலிருந்து கடைசிப் பொதி வெளியே வரும்வரை நேரம் குறிக்கப் போகிறான். கைபேசியில் குறிப்பதாகச் சொன்னான். ஒரு கொப்பியும் கொண்டுபோ, முதலில் நாட்டாமைமாரோடு கதை, அவைக்குத்தான் எல்லாம் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.